நின்று தீப்பிடி: கற்பனைக் கட்டளைகள், அன்றும் இன்றும்

1964 ஏப்ரல் 7 அன்று ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. அதற்கு நிரல் எழுதியவர்களின் சட்டைப்பையில் மடித்த பச்சை அட்டை ஒன்று இருந்தது. புராசஸர் அறிந்த கட்டளைகள் எல்லாம் சுருக்கப் பெயரோடும் எண்ணோடும் அந்த ஓர் அட்டையில் அடங்கிவிட்டன. அந்த வரிசைக் கணினிகள் புழங்கிய ஆண்டுகளில் அலுவலகத்துக்கு அலுவலகம் இன்னொரு தாளும் கைமாறியது. நகலுக்கு நகல் எடுத்து எழுத்து மங்கிப்போன அந்தத் தாளில் இருந்தவை, எந்தப் புராசஸரிலும் இல்லாத கட்டளைகள்.

‘நாடாவைப் பின்னுக்கு இழுத்து நீட்டிவிடு.’ ‘அச்சடித்துச் சங்கிலியை அறு.’ ‘ரோமன் எண்ணாக மாற்று.’ ‘பதிவை நகர்த்தித் தொலை.’ ‘மின்சாரம் போனால் தாவு.’ ‘புரோகிராமரின் மனத்தைப் படி.’ இவற்றுக்கெல்லாம் தலைமை தாங்கிய கட்டளை ‘நின்று தீப்பிடி’ (ஆங்கிலத்தில் ‘ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்’). எச்.சி.எஃப். என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தோடு, அசல் கட்டளைகளின் நடுவே உட்காரும் தகுதியோடு அது வலம்வந்தது.

இன்று இன்டெல் புராசஸரின் கட்டளைகளை விளக்கும் கையேடு சுமார் 5,000 பக்கம். கைப்பேசிகளுக்குள் இருக்கும் ஆர்ம் புராசஸர்களின் கையேடு பத்தாயிரம் பக்கத்தைத் தாண்டிவிட்டது. எந்தச் சட்டைப்பைக்கும் அவை அடங்கா. அப்படியொரு பகடிப் பட்டியலை இன்று யாரும் புதிதாக எழுதிச் சுற்றுக்கு விடுவதாகவும் தெரியவில்லை. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் உறவு உண்டு என்று நினைக்கிறேன். முழுக்கத் தெரிந்த ஒன்றைத்தான் மனிதர்கள் நுட்பமாகக் கேலி செய்ய முடியும்.

கையேட்டிலிருந்து பிறந்த பகடி

அந்தத் தாளை வெளியாள் படித்தால் வெறும் குறும்பாகத் தோன்றும். பச்சை அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாய்வரி இருப்பது தெரியும். சிஸ்டம்/360இல் ஓர் எண்ணைப் பதின்ம வடிவுக்கு மாற்றும் கட்டளை உண்டு. இரும வடிவுக்கு மாற்றும் கட்டளையும் உண்டு. அவற்றுக்கு அடுத்த படியாக ஒருவர் ரோமன் எண்ணைச் சேர்த்தார். நினைவகத்தின் ஒரு பகுதியைக் காப்பதற்கான சாவியைப் பொருத்தும் கட்டளை அசலில் இருந்தது. பட்டியலில் அந்தச் சாவியை அழிக்கும் கட்டளை வந்தது. வேறொரு கட்டளையை எடுத்து நிறைவேற்றும் கட்டளை அசலில் இருந்தது. பட்டியலில் அது ஆபரேட்டருக்கே தண்டனையை நிறைவேற்றியது.

சொல்லின் அமைப்புகூடக் கையேட்டிலிருந்து எடுத்ததுதான். ‘மாற்றிச் சோதி’, ‘தாவி இணை’, ‘திருத்திக் குறி’ என்று ஒரே மூச்சில் இரண்டு வேலை சொல்லும் கட்டளைகள் சிஸ்டம்/360இல் பல. ‘நின்று தீப்பிடி’ அதே ஓசையில் அமைந்தது. முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி கற்பனை. எந்த இடத்தில் உண்மை முடிந்து கற்பனை தொடங்குகிறது என்பதை நொடியில் பிடித்துக்கொள்பவரே அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

அந்தக் காலத்துக் கணினி கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடிய ஒன்றாக இருந்தது. துளை அட்டையில் 80 பத்திகள். 1959இல் வந்த ஐ.பி.எம். 1403 அச்சு இயந்திரத்தில் எழுத்துகள் பொறித்த சங்கிலி ஒன்று சுழல, நிமிடத்துக்கு 600 வரிகள் அச்சாகும். நாடா உண்மையாகவே முறுக்கிக்கொள்ளும். அட்டை உண்மையாகவே அடைத்துக்கொள்ளும். அதனால் பட்டியலிலிருந்த கற்பனைகளில் பாதி, முந்தைய இரவு இயந்திர அறையில் நடந்ததன் நீட்சி. இன்றைய தரவு ஏதோ ஒரு நகரத்தின் சேவையகக் கூடத்தில் இருக்கிறது. அதற்கு நிரல் எழுதுபவர் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வருவதில்லை. நாடா நீளும் கவலை அவருக்கு இல்லை. நாடா நீளும்போது எழும் ஓசையும் அவருக்குத் தெரியாது.

கற்பனை மெய்யான காலம்

1970களில் புராசஸர் ஒரே சில்லுக்குள் சுருங்கியது. 1974இல் மோட்டரோலா வெளியிட்ட 6800இல் ஒரு கட்டளைக்கு ஒரு பைட் எண். ஆகவே மொத்தம் 256 எண்களே சாத்தியம். அவற்றில் 197 எண்களுக்குக் கையேட்டில் விளக்கம் இருந்தது. மீதி 59 எண்களைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கையேடு சொல்லவில்லை. சில்லை வாங்கியவர்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

1977 டிசம்பர் மாத ‘பைட்’ இதழில் ஜெரி வீலர் என்பவர் அந்தச் சோதனையின் விளைவுகளை எழுதினார். பதினாறடிமானத்தில் 9டி, டிடி என்று எழுதப்படும் இரண்டு எண்களில் எதைக் கொடுத்தாலும் 6800 மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. நினைவகத்தின் முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே போகிறது. 65,536 முகவரிகளும் தீர்ந்தால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. வெளியிலிருந்து வரும் எந்தக் குறுக்கீட்டுக்கும் செவிசாய்ப்பதில்லை. ரீசெட் பொத்தானை அழுத்தினால்தான் மீளும். வீலர் அதற்கு எச்.சி.எஃப். என்று பெயர் வைத்தார். தாளில் ஆண்டுக்கணக்கில் பகடியாக உலவிய பெயருக்கு, கடையில் விலைக்குக் கிடைக்கும் சில்லில் ஒரு முகவரி கிடைத்தது.

தீ எதுவும் பிடிக்கவில்லை. அந்த நிலையில் சில்லின் முகவரிக் கம்பிகளை ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் முதல் கம்பி ஒரு வேகத்திலும், அடுத்தது அதில் பாதி வேகத்திலும், அதற்கடுத்தது அதிலும் பாதியிலும் துடிக்கும். ஏதாவது ஒரு கம்பி அறுந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். கேலிக்குப் பிறந்த பெயர் பழுதுபார்ப்பவருக்கு உதவியாகவும் ஆனது.

6800க்கு அடுத்த ஆண்டே வந்த 6502 சில்லில் ஆவணப்படுத்தப்பட்ட எண்கள் 151, சொல்லப்படாதவை 105. இவற்றில் 12 எண்கள் புராசஸரை அப்படியே உறையவைத்துவிடும். மற்றவை இன்னும் சுவையானவை. ஏ5 என்ற எண் நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை ‘ஏ’ பதிவகத்துக்குக் கொண்டுவரும். ஏ6 அதே வேலையை ‘எக்ஸ்’ பதிவகத்துக்குச் செய்யும். கையேட்டில் இடம்பெறாத ஏ7ஐக் கொடுத்தால் இரண்டு பதிவகங்களிலும் அந்த மதிப்பு வந்து அமரும். காரணம் எளிது: ஏ5இன் கடைசி இரண்டு பிட்டுகள் 01, ஏ6இன் பிட்டுகள் 10, ஏ7இன் பிட்டுகள் 11. சில்லுக்குள் இரண்டு வழிகளும் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. வடிவமைத்தவர் நினைக்காத கட்டளை, சிக்கனத்தின் பக்கவிளைவாகத் தானே முளைத்திருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டு எழுதியவர்கள் இத்தகைய எண்களைத் தேடித் தேடிப் பயன்படுத்தினார்கள்.

இதே கதையின் ஓர் அத்தியாயம் தமிழ்நாட்டின் ஆய்வகங்களிலும் நடந்தது. அங்கே யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 1976இல் வெளிவந்த இன்டெல் 8085 நம் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் பல பத்தாண்டுகள் பாடமாக இருந்தது. பயிற்சிக் கிட்டில் சிவப்பில் ஒளிரும் எண்கள், பதினாறடிமான விசைப்பலகை, அருகே ரெக்கார்டு நோட்டு. 3ஈ என்றால் ‘ஏ’யில் மதிப்பு வை, 80 என்றால் ‘பி’யைக் கூட்டு, 76 என்றால் நில். தாளில் கட்டளையை எழுதி, அட்டவணையில் எண்ணைத் தேடி, ஒவ்வொன்றாக அழுத்தினார்கள். அந்த அட்டவணையில் 246 எண்கள். 256க்குப் பத்துக் குறைவு. விடுபட்ட அந்தப் பத்து எண்களுக்கும் சில்லுக்குள் வேலை செய்யும் கட்டளைகள் இருந்தன. நிறுவனம் அவற்றைக் கையேட்டில் சேர்க்காமல் விட்டிருந்தது. 1979இல் மின்னணுவியல் இதழ் ஒன்றில் அவை வெளியாயின. அட்டவணையின் காலிக் கட்டங்களைப் பார்த்து “இங்கே என்ன சார் இருக்கு?” என்று கேட்ட மாணவர், கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

காலிக் கட்டங்களுக்குக் காவல்

அன்று சொல்லப்படாத எண்ணைக் கொடுத்தால் புராசஸர் ஏதோ ஒன்றைச் செய்தது. இன்று கொடுத்தால் ‘செல்லாத கட்டளை’ என்று மறித்து, பொறுப்பை இயக்கமுறைமையிடம் ஒப்படைக்கிறது. 1978இன் 8086இல் இந்தக் காவல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் வந்த அடுத்த தலைமுறைச் சில்லுகளில் வந்துவிட்டது. பெர்க்கிலியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பு இதை இன்னும் ஒழுங்காகச் செய்தது. எல்லாப் பிட்டுகளும் பூஜ்யமாக உள்ள கட்டளை அதில் செல்லாது. எல்லாம் ஒன்றாக உள்ளதும் செல்லாது. நிரல் வழிதவறி வெற்று நினைவகத்துக்குள் விழுந்தால் முதல் அடியிலேயே பிடிபட்டுவிடும்.

இது பெரிய பேறு. ஒரு நிரலின் பிழை இன்னொருவர் வேலையைக் கெடுப்பதில்லை. வங்கிக் கணக்கும் மருத்துவமனைப் பதிவும் கணினியில் இருக்கும் காலத்தில், தெரியாத எண்ணுக்குப் புராசஸர் தன்போக்கில் எதையாவது செய்வது விரும்பத்தக்கதல்ல. ஆனால் 256 கட்டங்களில் 105 கட்டங்கள் ஆளில்லாத நிலமாகக் கிடந்த காலத்தில், அதற்குள் நடந்து பார்க்க ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. அந்த நிலம் இப்போது வேலிக்குள் இருக்கிறது.

வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். தேடும் முறை மாறிவிட்டது. இன்றைய இன்டெல் வகைக் கட்டளை ஒன்று 15 பைட் வரை நீளலாம். அத்தனை சேர்க்கைகளையும் கையால் மட்டுமல்ல, கணினியாலும் முயன்று முடிக்க முடியாது. கிறிஸ்டோஃபர் டோமாஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2017இல் லாஸ் வேகாஸின் பிளாக் ஹாட் மாநாட்டில் ஒரு வழியைக் காட்டினார். நினைவகத்தில் இரண்டு பக்கங்களை அடுத்தடுத்து வைக்கிறார். முதல் பக்கத்தில் கட்டளைகள் ஓடலாம். இரண்டாவதில் ஓடக் கூடாது. சோதிக்கும் கட்டளையின் முதல் பைட்டை மட்டும் முதல் பக்கத்தின் கடைசி இடத்தில் வைத்து ஓடவிடுகிறார். புராசஸருக்கு அடுத்த பைட் தேவைப்பட்டால் அது இரண்டாம் பக்கத்தைத் தொட்டுப் பிழை எழுப்பும். உடனே கட்டளையை ஒரு பைட் பின்னுக்கு நகர்த்தி மறுபடி ஓடவிடுகிறார். பிழை எழாத இடத்தில் கட்டளையின் நீளம் தெரிந்துவிடுகிறது. புராசஸர் தன் வாயாலேயே தன் கட்டளையின் அளவைச் சொல்லிவிடுகிறது. பயனில்லாத சேர்க்கைகளை இப்படிக் கழித்துக்கட்டியதால் தேடல் சில நாள் வேலையாகச் சுருங்கியது.

அந்தத் தேடலில் கையேட்டில் இல்லாத கட்டளைகள் பல நிறுவனங்களின் புராசஸர்களில் வெளிப்பட்டன. ஒரு புராசஸரில், சாதாரணப் பயனரின் நிரலே இயந்திரத்தை அசையவிடாமல் நிறுத்திவிடும் கட்டளையும் கிடைத்தது. எந்த நிறுவனத்தின் சில்லு என்பதை அவர் அப்போது வெளியிடவில்லை. வீலருக்கும் டோமாஸுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். இருவரும் கண்டதற்குப் பெயர் ஒன்றே. வீலரின் கண்டுபிடிப்பை வாசகர்கள் அன்று மாலையே தங்கள் சில்லில் முயன்று மகிழ்ந்திருக்கலாம். டோமாஸின் கண்டுபிடிப்பை, பழுதுக்கு மருந்து கிடைக்கும்வரை மூடிவைக்க வேண்டியிருந்தது.

நெருப்பின் பொருள் மாறியது

எச்.சி.எஃப். சிரிப்பாக இருந்ததற்கு ஒரு காரணம், நின்றுபோன கணினியால் கெட்டுப்போவது அந்த அறையிலிருந்தவர்களின் மாலை நேரம் மட்டுமே என்பது. 1997 நவம்பரில் அந்த எல்லை மறைந்தது. இன்டெல் பென்டியம் புராசஸரில் எஃப்0, 0எஃப், சி7, சி8 என்ற நான்கு பைட்டுகளை எந்தச் சாதாரணப் பயனர் ஓடவிட்டாலும் முழு இயந்திரமும் உறைந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஒருவர் எழுதும் நான்கு பைட் அனைவர் வேலையையும் நிறுத்தியது. இயக்கமுறைமை எழுதியவர்கள் சுற்றுவழி கண்டுபிடித்து அதை மூடினார்கள்.

2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வு மையத்தினர், சீனாவில் வடிவமைக்கப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் புராசஸர்கள் சிலவற்றைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு சில்லுகளில் பயனர் நிரலே புராசஸரை நிறுத்திவிடும் கட்டளைத் தொடர்கள் இருந்தன. மூன்றாவதில் இருந்தது இன்னும் கடுமையானது: நிறுவனம் தானே சேர்த்த கட்டளைகளில் சில, எல்லாக் காவலையும் கடந்து நினைவகத்தின் எந்த இடத்திலும் எழுதின. ‘நினைவகக் காப்புச் சாவியை அழி’ என்று 1960களின் தாளில் எழுதப்பட்ட வரிக்கு இதைவிடப் பொருத்தமான நிறைவேற்றம் இல்லை. அன்று படித்தவர் சிரித்தார். இன்று படிப்பவர் தன் சேவையகத்தில் அந்தச் சில்லு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்.

மெய்யான தீக்கும் ஒரு வரலாறு உண்டு. 2001இல் வன்பொருள் இதழ் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் புராசஸர்களின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றிப் படமெடுத்தது. ஏ.எம்.டி. அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. இன்று கணினி, கைப்பேசிப் புராசஸர்களில் வெப்பத்தை அளந்து வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அளவு மீறினால் அணைந்துவிடும். நின்றுபோவது இப்போது தீயிலிருந்து தப்புவதற்கான வழி. பழைய கட்டளையின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிவிட்டன.

கற்பனையை மிஞ்சிய கட்டளைகள்

ரோமன் எண்ணாக மாற்றும் கட்டளை ஏன் சிரிப்பாக இருந்தது? இவ்வளவு சிறிய, சிறப்பான ஒரு வேலைக்குப் புராசஸரில் தனிக் கட்டளை வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையால். அந்த நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. 1977இல் வந்த வாக்ஸ் கணினியில் ஒரு பல்லுறுப்புக் கோவையின் மதிப்பை முழுக்கக் கணக்கிட்டுத் தரும் கட்டளை இருந்தது. 2016இல் ஆர்ம் தன் எட்டாம் பதிப்பின் மூன்றாம் திருத்தத்தில், தசம எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் மொழி எதிர்பார்க்கும் விதத்தில் முழு எண்ணாக மாற்ற ஒரு கட்டளை சேர்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரே அந்தக் கட்டளையின் முழுப்பெயரில் இருக்கிறது. 1995இல் பத்து நாளில் உருவாக்கப்பட்ட ஒரு மொழிக்காக, கோடிக்கணக்கான கைப்பேசிகளின் சிலிக்கானில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது வீண் வேலையும் அல்ல. வலைப்பக்கம் விரைவாகத் திறக்கிறது, மின்கலம் சற்று நேரம் கூடுதலாக நிற்கிறது.

பெயர்களும் மாறின. சிஸ்டம்/360இல் சுருக்கப் பெயர்கள் ஓரெழுத்திலிருந்து நான்கெழுத்துக்குள். ‘ஏ’ என்றால் கூட்டு. அந்தச் சுருக்கங்களில் ஓசை இருந்தது. ஓசை இருந்ததால் பகடிக்கு வழி இருந்தது. ஐ.பி.எம்.மும் ஆப்பிளும் மோட்டரோலாவும் 1990களின் தொடக்கத்தில் சேர்ந்து உருவாக்கிய பவர்பிசி புராசஸரில், உள்ளீட்டு வெளியீட்டு வேலைகளை வரிசை மாறாமல் செய்யச் சொல்லும் கட்டளைக்கு ‘ஈ-ஐ-ஈ-ஐ-ஓ’ என்று பெயர். ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பாடும் பண்ணைப் பாட்டின் பல்லவி அது. பகடி எழுதிய தலைமுறை கையேட்டையே எழுதும் இடத்துக்கு வந்துவிட்டதன் அடையாளமாக அதைக் காண்கிறேன். இன்று இன்டெல் கையேட்டில் ‘விஜிஎஃப்2பி8அஃபைன்இன்வ்கியூபி’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் 17 குறிகள். மறைக்குறியீட்டு வேலைகளை விரைவுபடுத்தும் பயனுள்ள கட்டளை அது. அதை மனப்பாடம் செய்ய யாரும் முயல்வதில்லை, அதைக் கேலி செய்யவும் பிடி கிடைப்பதில்லை.

‘புரோகிராமரின் மனத்தைப் படி’ என்ற வரியின் கதை இன்னும் ஆழமானது. சொல்வதை மட்டும் செய்யும் கணினியிடம் சொல்லாததை எதிர்பார்த்து ஏங்கியவர்கள் எழுதிய வரி அது. இன்றைய புராசஸர், நிரல் எந்தக் கிளையில் செல்லும் என்று முன்கூட்டியே ஊகித்து, சொல்வதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஊகம் சரியானால் நேரம் மிச்சம். தவறானால் செய்ததைக் கைவிடுகிறது. கைவிட்ட வேலையின் தடயம் உள்ளே தங்கிவிடுகிறது, அதன் வழியே இரகசியங்களைப் படிக்க முடியும் என்பதை மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற குறைகள் 2018 ஜனவரியில் உலகுக்குத் தெரிவித்தன. மனத்தைப் படிக்கும் ஆற்றல் வந்தது. படித்ததைப் பிறர் எட்டிப்பார்க்கும் ஆபத்தும் கூடவே வந்தது. 2021 முதல், பாதி தட்டியதைப் பார்த்து மீதியைத் தானே எழுதித்தரும் கருவிகளும் புரோகிராமரின் மேசைக்கு வந்துவிட்டன. பட்டியலின் வரிகளில் இவ்வளவு நிறைவாக நனவானது வேறில்லை.

பெற்றதும் விட்டதும்

8085 சில்லில் டிரான்சிஸ்டர்கள் சுமார் 6,500. 2020இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் 1,600 கோடி. முதலாவதை ஒருவர் ஒரு பருவத்தில் முழுக்கக் கற்றுவிடலாம். இரண்டாவதை வடிவமைத்தவர்களில் எவருக்கும் முழுவதும் தெரிய வாய்ப்பில்லை. தெரியத் தேவையில்லாதபடி அது கட்டப்பட்டிருக்கிறது. அப்படிக் கட்டப்பட்டதால்தான் புராசஸரின் ஒரு கட்டளைகூட அறியாத இளைஞர் ஒருவர் ஊரிலிருந்தபடியே ஒரு நிரல் எழுதி உலகத்துக்கு விற்க முடிகிறது. பச்சை அட்டைக்காரர்கள் சிலராக இருந்தார்கள். கணினி இருந்த அறைக்குள் நுழைய வேலை நியமனம் தேவைப்பட்டது. அந்தக் கதவு திறந்ததை இழப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

விட்டது வேறு. அன்றைய பகடித்தாள் ஒரு நகரத்தில் எழுதப்பட்டு இன்னொரு நகரத்தில் புரிந்துகொள்ளப்பட்டதற்குக் காரணம், இருவரிடமும் ஒரே அட்டை இருந்தது. இன்று புரோகிராமர்களின் வேடிக்கை, காலக்கெடுவையும் கூட்டங்களையும் வாரந்தோறும் மாறும் கருவிகளையும் சுற்றியே வருகிறது. அதுவும் நல்ல வேடிக்கைதான்; அலுவலகத்தைப் பற்றிய வேடிக்கை. இயந்திரத்தைப் பற்றிய வேடிக்கை அருகிவிட்டது. ‘நின்று தீப்பிடி’யின் ஆங்கிலப் பெயர் 2014 முதல் 2017 வரை நான்கு பருவங்கள் ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்குத் தலைப்பானது. இன்று பலருக்கு அந்தச் சொற்கள் தொடரின் பெயராகத்தான் அறிமுகம்.

இருந்தும் ஒரு வாய்ப்பு திரும்பி வந்திருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பின் அடிப்படைத் தொகுதியில் 40 கட்டளைகளே இருக்கின்றன. அதைப் பயன்படுத்த உரிமத்தொகை கிடையாது. யார் வேண்டுமானாலும் தம் சொந்தக் கட்டளையைச் சேர்த்துக்கொள்ளும்படி எண்வெளியில் சில இடங்களைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம் இந்த அடிப்படையில்தான் புராசஸர்களை வடிவமைத்தது. 2018இல் அவர்களுடைய சில்லில் லினக்ஸ் ஓடியது. மறுநிரலாக்கப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் இன்று ரோமன் எண்ணாக மாற்றும் கட்டளையைத் தன் புராசஸரில் மெய்யாகவே சேர்க்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் அது தாளில் மட்டுமே நடக்கக்கூடியதாக இருந்தது. சேர்க்கும்போது அவருக்குப் பட்டியல் எழுதியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தெரியவரும்: எண்ணை எங்கே பிரிப்பது, எந்தப் பதிவகத்தைத் தொடுவது, தவறான மதிப்பு வந்தால் எங்கே நிறுத்துவது.

டொனால்ட் நூத் 1968இல் தம் நூலுக்காக மிக்ஸ் என்றொரு கணினியைக் கற்பனை செய்து, அதன் கட்டளைகளில் பாடங்களை எழுதினார். ஒரு சிறிய இயந்திரத்தை, அது கற்பனையே ஆனாலும், முழுதாக அறிந்துகொள்வது எல்லா இயந்திரங்களையும் அறிவதற்கான தொடக்கம் என்று அவர் நம்பினார். பகடித்தாள் எழுதியவர்கள் அதே உண்மையைச் சிரிப்பின் வழியே கண்டவர்கள். நம் கல்லூரிகளில் 8085 கிட்டைப் ‘பழசு’ என்று ஓரங்கட்டும் பேச்சு வரும்போதெல்லாம் இது நினைவில் இருக்க வேண்டும். அந்தச் சில்லு பழையதுதான். அதற்குப் பதிலாக ரிஸ்க்-ஃபைவின் 40 கட்டளைகளை வைக்கலாம். எடுத்துவிடக் கூடாதது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் தலைக்குள் அடங்கும் ஓர் இயந்திரத்தோடு ஒரு பருவம் முழுதும் இருக்கும் வாய்ப்பு. அதைப் பெற்ற மாணவர் 5,000 பக்கக் கையேட்டையும் பயமின்றித் திறப்பார். எந்தக் கட்டளை இருக்கிறது என்பதோடு, எது இருந்திருக்கலாம் என்றும் யோசிப்பார்.